பைக்குக்கு 91-ஆ, 95-ஆ, 100-ஆ? எந்தப் பெட்ரோல் போடுவது?

கேள்வி இது: 155 சிசி, ரேடியேட்டர் வைத்த, 11.6:1 கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை நெருக்கப்படும் விகிதம்) கொண்ட பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டி. கையேட்டில் 91 ஆக்டேன் என்று போட்டிருக்கிறது. பங்கில் சாதா பெட்ரோல், 95, 100 மூன்றும் கிடைக்கின்றன. எதைப் போடுவது? 95 போட்டால் பிக்அப்பும் மைலேஜும் கூடுமா? வீட்டில் அப்பா ஓட்டும் 2006-ஆம் ஆண்டு 100 சிசி கார்புரேட்டர் வண்டியும் இருக்கிறது. அதற்கு எது?

முதலில் நேரான பதில். இரண்டு வண்டிக்கும் சாதா பெட்ரோலின் ஆக்டேனே போதும். 155 சிசி வண்டிக்கு 95 போடுவதால் கெடுதல் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி லாபமும் இல்லை. அப்பாவின் வண்டியில் கவனிக்க வேண்டியது வேறு: ஆக்டேனை விட்டுவிட்டு எத்தனாலைப் பாருங்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் பெட்ரோல் ரகம் பற்றிய பேச்சு முழுக்க ஆக்டேன் எண்ணைச் சுற்றியே நடக்கிறது. பெரும்பாலான வண்டிகளைப் பாதிப்பதோ பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால்தான்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியை அளப்பதில்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது, பிளக் பொறி வந்து பற்றவைக்கும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதன் அளவு அது. ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, கம்ப்ரஷனை மாற்றக்கூடிய ஒற்றை சிலிண்டர் சோதனை எஞ்சினில் ஒப்பிட்டு இந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். 600 ஆர்பிஎம்மில் மிதமான சூட்டில் ஓட்டி எடுப்பது ஆர்ஓஎன். 900 ஆர்பிஎம்மில், உள்ளே போகும் கலவையை நன்றாகச் சூடாக்கி எடுப்பது எம்ஓஎன். நம் பங்கிலும் கையேட்டிலும் இருப்பது ஆர்ஓஎன். பி.எஸ்.6 தரத்தில் சாதா பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் ஆர்ஓஎன் 91, எம்ஓஎன் 81. பிரீமியத்துக்கு 95, 85.

அமெரிக்காவில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிய எண்ணைத்தான் பங்கில் எழுதுகிறார்கள். இணையத்தில் அமெரிக்கக் கையேட்டைப் பார்த்துவிட்டுக் குழம்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 86 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் ஏறக்குறைய 91. அங்கே 90 என்றால் இங்கே 95. அங்கே 91 கேட்கும் வண்டிக்கு நம் சாதா பெட்ரோல் பற்றாது. இலங்கையில் பங்கில் இருக்கும் 92, 95 இரண்டும், மலேசியாவின் 95, 97 இரண்டும் ஆர்ஓஎன்தான். ஆகவே கையேட்டில் 91 என்றிருக்கும் வண்டிக்கு யாழ்ப்பாணத்தில் 92 தாராளம்.

தாக்குப்பிடிக்காத பெட்ரோலைப் போட்டால் என்ன ஆகிறது? பிளக் பொறி விட்டதும் தீ ஒரு முனையிலிருந்து பரவிக்கொண்டே போக வேண்டும். அது போய்ச் சேருவதற்கு முன்பே, ஓரத்தில் நெருக்கப்பட்டுச் சூடேறிய கலவை ஒரே நொடியில் மொத்தமாக வெடிக்கிறது. இதைத்தான் நாக்கிங் என்கிறோம். அந்த அதிர்ச்சி அலை பிஸ்டன் தலையின் விளிம்பில் மணல் அடித்தது போன்ற சிறு குழிகளை உண்டாக்கும். தொடர்ந்தால் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பகுதி உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். வண்டி கேட்கும் ஆக்டேனுக்குக் கீழே போகக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

மேலே போனால்? 95-இலும் 91-இலும் ஒரு லிட்டரில் அடங்கிய ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதிக ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ள எஞ்சின் ஏதாவது செய்தால்தான் பலன். ஒன்று கம்ப்ரஷன் அதிகமாக இருக்க வேண்டும், அல்லது பொறியை இன்னும் முன்னதாக விட வேண்டும். கம்ப்ரஷன் ஓடும்போது மாறப்போவதில்லை. பொறி விடும் நேரத்தை நாக் சென்சார் வைத்த எஞ்சின்தான் பெட்ரோலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். கார்களில் அது சாதாரணம். நம் ஊரில் ஓடும் 100 முதல் 200 சிசி வண்டிகளில் அப்படி ஒன்று இருப்பது அபூர்வம். ஆர்பிஎம், த்ராட்டில் திறப்பு, எஞ்சின் சூடு இவற்றை வைத்து முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணைப்படி ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பொறி விடுகிறது. டேங்கில் இருப்பது 91-ஆ 100-ஆ என்பது அதற்குத் தெரியாது. தெரியாதபோது பிக்அப் எங்கிருந்து கூடும்?

கம்ப்ரஷன் 11-ஐத் தாண்டினால் 95 கட்டாயம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு பழைய, காற்றில் குளிரும், பெரிய போர் (சிலிண்டரின் குறுக்களவு) கொண்ட எஞ்சின்களுக்கு ஓரளவு பொருந்தும். உங்கள் எஞ்சினில் போர் சிறியது. தீ போக வேண்டிய தூரம் குறைவு. நான்கு வால்வுகளுக்கு நடுவே பிளக் உட்கார்ந்திருக்கிறது. ஹெட்டைச் சுற்றி கூலண்ட் ஓடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் 11.6:1 கம்ப்ரஷனை 91-இலேயே சமாளிக்க வைக்கின்றன. இரட்டைப் பிளக் வைத்த பல்சர்களிலும் அடிப்படை இதுவே: இரண்டு பக்கமும் தீ கிளம்பினால் ஓரத்துக் கலவை காத்திருக்கும் நேரம் குறைகிறது. ஆகவே கம்ப்ரஷன் எண்ணை வைத்து நாமாக ரகத்தை முடிவு செய்வது தவறான வழி. கையேட்டில் அல்லது டேங்க் மூடியின் அருகில் ஒட்டியிருக்கும் எண்தான் தீர்ப்பு. அதை எழுதியவர்கள் வெயிலிலும் மலையிலும் இரண்டு பேரை ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகுதான் எழுதியிருக்கிறார்கள்.

கையேட்டில் 95 என்று இருந்தால் விஷயம் வேறு. 12, 13 கம்ப்ரஷன் கொண்ட பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குகள், ஐரோப்பிய வண்டிகளில் பல இந்த வகை. அவற்றில் 95 என்று எழுதிய பம்பிலேயே போடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த (இ20) சாதா பெட்ரோலின் ஆர்ஓஎன் 95-ஐத் தொடுகிறது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் விளக்கம் கொடுத்தது. எத்தனாலின் ஆர்ஓஎன் 108-ஐ ஒட்டி இருப்பதால் இது நடக்கக்கூடியதுதான். ஆனால் எத்தனாலில் ஆர்ஓஎன் ஏறுகிற அளவுக்கு எம்ஓஎன் ஏறுவதில்லை. அதிக ஆர்பிஎம், கொதிக்கும் எஞ்சின் என்ற நிலையில் கைகொடுப்பது எம்ஓஎன். பத்தாயிரம் ஆர்பிஎம்மில் சுற்றும் விலையுயர்ந்த எஞ்சினை இந்த ஒரு எண்ணை நம்பிச் சாதாவில் ஓட்ட வேண்டாம். 91 கேட்கும் உங்கள் 155 சிசி வண்டிக்கோ, இன்றைய சாதா பெட்ரோல் தேவைக்கு மேலேயே தருகிறது.

மைலேஜ் கணக்கையும் போட்டுவிடலாம். எக்ஸ்பி95, பவர்95 போன்ற 95 ஆக்டேன் ரகங்கள் சாதாவைவிட லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். சாதா நூறு ரூபாயை ஒட்டி இருக்கும்போது, போட்ட காசு திரும்ப வர வேண்டுமானால் மைலேஜ் ஏழெட்டு சதவீதம் கூட வேண்டும். 45 கொடுக்கும் வண்டி 48-க்கு மேல் கொடுக்க வேண்டும். 91-க்காக வடிவமைத்த எஞ்சினில் அது நடக்காது. ஒரு முறை போட்டுவிட்டு "மூன்று கிலோமீட்டர் கூடியது" என்பவர்கள் பெரும்பாலும் ஒரு டேங்கை வைத்துச் சொல்கிறார்கள். டயரில் நான்கு பிஎஸ்ஐ காற்றுக் குறைவு, எதிர்க்காற்று, சிக்னல் எண்ணிக்கை, பங்கில் கழுத்துவரை நிரப்பியதா இல்லையா என்பவையே அந்த மூன்று கிலோமீட்டரைத் தாராளமாகத் தின்றுவிடும்.

பிரீமியத்துக்கு ஒரு உண்மையான நன்மை இருக்கிறது, அது ஆக்டேனில் இல்லை. அதில் சேர்க்கும் டிடர்ஜென்ட் மருந்து இன்ஜெக்டர் முனையிலும் இன்டேக் வால்வின் முதுகிலும் படியும் பிசினைக் கரைக்கும். முன்பு பிரீமியம் என்ற பெயரில் விற்றவற்றில் சில 91 ஆக்டேனிலேயே இந்த மருந்து மட்டும் சேர்த்தவை. ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், பம்பில் எழுதிய எண்ணைப் பாருங்கள். இன்ஜெக்டர் சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு டேங்க் பிரீமியம் போடுவது நியாயமான செலவு. ஒவ்வொரு தடவையும் தேவையில்லை.

அடுத்து 100. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் மதுரா சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எக்ஸ்பி100-ஐக் கொண்டுவந்தது. டெல்லியில் அன்றைக்கே லிட்டர் 160 ரூபாய். இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களில் ஓட்டுவதற்காக ஹெட்டைச் சீவி, கம்ப்ரஷனை ஏற்றி, பொறி நேரத்தையும் முன்னே தள்ளிய வண்டிக்கு இது உரிய பெட்ரோல். தெருவில் ஓடும் 155 சிசி வண்டிக்கு இதன் ஆக்டேனால் எதுவும் ஆகப்போவதில்லை. ஆனால் இதில் எத்தனால் கலப்பதில்லை. அந்த ஒரு குணத்துக்காக மட்டும் இதைச் சில இடங்களில் பயன்படுத்தலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன், நாக்கிங். "91 போட்டால் வண்டி தட்டுகிறது, 95-க்கு மாறினேன், சரியாகிவிட்டது" என்பது அடிக்கடி கேட்கும் வாசகம். 91-க்காகச் செய்த வண்டி 91-இல் தட்டினால், வண்டியில் ஏதோ மாறிவிட்டது என்று பொருள். 95 அதை மறைக்கிறது, சரிசெய்வதில்லை.

முதலில் அது நாக்கிங்தானா என்று உறுதி செய்ய வேண்டும். எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஒரு மேம்பாலம் ஏறும் இடத்தில் நான்காவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வைத்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, த்ராட்டிலை முக்கால்வாசி திறங்கள். தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு கூர்மையான கிணுகிணுப்பு வந்து, த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்ததும் சட்டென்று நின்றால் அது நாக்கிங். வண்டி நின்ற இடத்தில் ரேஸ் கொடுக்கும்போதும் அதே சத்தம் ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறினால் அது டேப்பட் அல்லது டைமிங் செயின். கிளட்ச் பிடித்தால் மாறும் சத்தம் கிளட்ச் பக்கத்துக் கோளாறு. இந்த வேறுபாட்டைப் பார்க்காமலே டேப்பட் சத்தத்துக்குப் பெட்ரோலை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

நாக்கிங்தான் என்றால் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள். பெரிய கியரில் குறைந்த வேகத்தில் வண்டியை இழுக்க வைப்பதே முதல் காரணம். மைலேஜ் ஆசையில் 25 கிலோமீட்டரில் டாப் கியர் போட்டு, ஏற்றத்தில் முறுக்கினால் எந்த நல்ல எஞ்சினும் தட்டும். ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். அடுத்து சூடு: காற்றில் குளிரும் வண்டியில் ஹெட் தகடுகளுக்கு இடையே சேறு அடைத்திருந்தால் எடுங்கள், ரேடியேட்டர் வண்டியில் ரிசர்வ் டப்பாவில் கூலண்ட் அளவும், சூடேறும்போது ஃபேன் சுற்றுகிறதா என்பதும் பாருங்கள். ஆயில் அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தாலும் எஞ்சின் கூடுதலாகச் சூடாகும்.

பிறகு பிளக். யாரோ ஒருவர் மாற்றிப் போட்டிருக்கும் பிளக் சரியான சூட்டு எண்ணில் இல்லாமல் இருப்பது மிகச் சாதாரணம். என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக். பாஷ் பிளக்கில் நேர்மாறு, எண் ஏற ஏறச் சூடான பிளக். சிஆர்8இ இருக்க வேண்டிய இடத்தில் சிஆர்7இ போட்டால் அதன் முனை தேவைக்கு மேல் சூடாகும், பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றும் வாய்ப்பு கூடும். பழைய பிளக்கைக் கழற்றியதும் பீங்கான் பகுதியைப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, அதாவது லீன். பீங்கானில் மிளகுத் தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகளோ மினுங்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் நாக்கிங் பிஸ்டனை அரிக்கத் தொடங்கிவிட்டது. அந்த வண்டியை அதற்கு மேல் முறுக்காதீர்கள்.

லீன் ஆவதற்கு இன்ஜெக்ஷன் வண்டியில் முதல் சந்தேகம் அடைத்த இன்ஜெக்டரும், அழுத்தம் குறைந்த பெட்ரோல் பம்பும். இரண்டு வகை வண்டியிலும் எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் ரப்பர் வெடித்திருக்கலாம். ஐடிலில் ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஆர்பிஎம் மாறினாலோ தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டாலோ ஓட்டை அங்கேதான்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தட்டினால் மிச்சம் இருப்பது கரி. நாற்பது, ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி, கொஞ்சம் ஆயிலும் குடிக்கும் எஞ்சினில் பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கரி கெட்டியாகப் படியும். அது இடத்தை அடைத்துக் கம்ப்ரஷனை ஏற்றும், சூட்டையும் வெளியேற விடாமல் வைத்துக்கொள்ளும். வண்டி கேட்கும் ஆக்டேன் அப்படித்தான் ஏறுகிறது. டிடர்ஜென்ட் பெட்ரோலில் இரண்டு டேங்க் ஓட்டிப் பார்க்கலாம். அதில் மென்மையான படிவு போகும். கெட்டிப்பட்ட கரிக்கு ஹெட்டைக் கழற்றிச் சுரண்டுவதே வழி. அப்போதே வால்வு கிரைண்டிங்கும் முடித்துவிட்டால் ஒரே வேலையாகப் போகும்.

இடமும் காலமும் இதில் சேரும். மே மாதம் சென்னையில் நாற்பது டிகிரி வெயிலில் தட்டும் அதே வண்டி, ஊட்டியில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே தட்டாது. அங்கே காற்று மெல்லியது, சிலிண்டரில் அழுத்தம் குறைவு. மலை ஏறுவதற்கென்று 95 நிரப்பிக்கொண்டு போகும் வழக்கத்துக்கு ஆதாரம் இல்லை. கல்லாறிலிருந்து ஏறும் முதல் பகுதியில், சூட்டோடும் சுமையோடும் ஏறுகிற இடத்தில்தான் கியரைக் கவனிக்க வேண்டும்.

இப்போது அப்பாவின் 2006 வண்டி. 100 சிசி, ஒன்பதை ஒட்டிய கம்ப்ரஷன், காற்றில் குளிர்வது. பெட்ரோலின் ஆக்டேன் 88 இருந்த காலத்து வடிவமைப்பு. இன்றைய பெட்ரோலில் அதற்கு ஆக்டேன் பற்றாக்குறை என்ற பேச்சே இல்லை. ஆனால் அதன் கார்புரேட்டர் ஜெட்டுகள் (பெட்ரோல் போகும் சிறு துளைகள்) எத்தனால் இல்லாத அல்லது ஐந்து சதவீதத்துக்குள் இருந்த பெட்ரோலுக்காக அளவெடுத்தவை. வேலை செய்யும் விதம் இது: ஒரு கிராம் சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம் போதும். இ20-க்கு அது 13.5 அளவில் வருகிறது. அதாவது அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதலாக எரிபொருள் விட வேண்டும். ஆக்சிஜன் சென்சார் வைத்த பி.எஸ்.6 வண்டி சீராக ஓடும்போது இதை உணர்ந்து இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறக்கும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. விளைவு, வண்டி லீனாக ஓடுகிறது.

அறிகுறிகள் தெளிவாகத் தெரியும். காலையில் சோக் இழுத்து வைக்கும் நேரம் கூடும். த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் ஒரு கணம் தயங்கும். முறுக்கிவிட்டு விடும்போது சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கும். பிளக் வெளுக்கும். இவை இருந்தால் முதலில் மிக்சர் ஸ்க்ரூ. கார்புரேட்டரின் ஏர் ஃபில்டர் பக்கம் ஸ்க்ரூ இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் கூடும். சூடான எஞ்சினில் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஐடில் நிலைக்கும்வரை பொறுங்கள். ஐடில் சரியாகி, ஓடும்போது மட்டும் தயக்கம் இருந்தால் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி (வெட்டு) கீழே இறக்குங்கள். ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். இந்தச் சின்ன வண்டிகள் பலவற்றில் ஊசிக்குக் காடியே இருக்காது. அப்போது மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றலாம். ஜெட் எண் துளையின் அகலத்தைச் சொல்கிறது, பெட்ரோல் போவது பரப்பளவைப் பொறுத்தது. ஆகவே 100-இலிருந்து 102 அல்லது 105 என்பதே நான்கு முதல் பத்து சதவீதக் கூடுதல். அதற்கு மேல் ஏற்றினால் கரி, புகை, மைலேஜ் நஷ்டம்.

மைலேஜ் எவ்வளவு குறையும்? ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல், எத்தனாலில் 21. இ20-இல் கிட்டத்தட்ட 30. கணக்குப்படி சுத்தப் பெட்ரோலைவிட ஆறு, ஏழு சதவீதம் குறைவு. இ10-உடன் ஒப்பிட்டால் மூன்றரை. சுத்தப் பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த இருசக்கர வண்டிகளில் மூன்று, நான்கு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 எத்தனால் திட்ட அறிக்கையும் சொல்கிறது. முப்பது சதவீதம் குறைந்துவிட்டது என்றால், அதை எத்தனால் தலையில் போட்டுவிட்டு உட்காராமல் பிரேக் ஒட்டுகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கார்புரேட்டர் ஃப்ளோட் வழிகிறதா என்று பாருங்கள்.

ரப்பர்தான் அடுத்தது. பழைய பெட்ரோல் டியூப், டேப்பின் வாஷர், ஃப்ளோட் ஊசியின் முனை, கார்புரேட்டர் கிண்ணத்தின் கேஸ்கெட் ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். டியூபை விரலால் மடித்துப் பாருங்கள். மேலே நுண்ணிய வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் எத்தனால் தாங்கும் டியூபாக மாற்றுங்கள். நான்கும் சேர்ந்து பெரிய செலவில்லை. பெட்ரோல் ஒழுகிச் சூடான எஞ்சினில் விழுந்தால் ஆகும் செலவை நினைத்தால் ஒன்றுமே இல்லை. எத்தனால் பழைய டேங்கின் துருவையும் பிசினையும் கிளப்பிவிடும் என்பதால், மாறிய முதல் சில மாதங்கள் ஜெட் அடைப்பு அடிக்கடி வரும். டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே சின்ன ஃபில்டர் ஒன்று வைத்தால் தொல்லை குறையும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஒரு தனிப் பிரச்சினை. டேங்க் மூடியைச் சுற்றி விழும் மழைநீர் வெளியேறச் சிறு துளை ஒன்று உண்டு. அது மண் அடைத்துக்கொண்டால் நீர் டேங்குக்குள் இறங்கும். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். ஸ்டார்ட் ஆகி நிற்கும், மறுபடி ஸ்டார்ட் ஆகி நிற்கும். மேலே மிஞ்சிய பெட்ரோலோ எத்தனாலை இழந்து ஆக்டேனும் குறைந்துபோனது. டேப் டியூபைக் கழற்றி 200 மில்லி அளவு தெளிவான கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் முழுக்க வடித்துவிட வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கப் பார்த்தால் நடக்காது.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள், ஆர்எக்ஸ்100, யெஸ்டி போன்றவை, லீன் விஷயத்தில் இரட்டிப்பு கவனமாக இருங்கள். அவற்றில் பலவற்றில் ஆயிலும் பெட்ரோலோடுதான் போகிறது, பிஸ்டனைக் குளிர்விப்பதிலும் பெட்ரோலுக்குப் பங்கு உண்டு. லீனாக முழு த்ராட்டிலில் ஓட்டினால் பிஸ்டன் இறுகிச் சீஸ் ஆகிவிடும். ஜெட்டைச் சரிசெய்யாமல் நெடுந்தூரம் போகாதீர்கள்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்கள் பற்றியும் கேட்பீர்கள். "மூன்று பாயிண்ட் ஏறும்" என்று எழுதியிருந்தால், அந்த வியாபாரத்தில் ஒரு பாயிண்ட் என்பது பெரும்பாலும் 0.1. அதாவது 91 என்பது 91.3 ஆகும். மாங்கனீசு சேர்ந்தவை பிளக்கில் செம்பழுப்புப் படிவை விடும். உண்மையிலேயே ஆக்டேன் ஏற வேண்டும் என்றால் 95-ஐயும் சாதாவையும் டேங்கிலேயே கலந்துகொள்ளலாம், எந்தக் கெடுதலும் இல்லை. பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய நடுவில் வரும். விமானப் பெட்ரோலை மட்டும் தொடாதீர்கள். அதில் ஈயம் இருக்கிறது, ஒரே டேங்கில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கத் தொடங்கும்.

ரகம் சரியாக இருந்தும் பெட்ரோல் கலப்படமாக இருந்தால் ஆக்டேன் கீழே போய்விடும். மண்ணெண்ணெய் கொஞ்சம் சேர்ந்தாலே தட்ட ஆரம்பிக்கும். ஒரு பங்கில் போட்ட பிறகு திடீரென நாக்கிங் வந்தால், மெக்கானிக்கிடம் போகும் முன் அடுத்த டேங்கை வேறு பங்கில் போடுங்கள். பங்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்டால் செய்து காட்ட வேண்டியது அவர்கள் கடமை. நாசில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். அடர்த்தி அளவையும் கேட்கலாம். 15 டிகிரிக்குத் திருத்திய எண், லோடு இறங்கியபோது பதிவான எண்ணிலிருந்து மூன்றுக்கு மேல் விலகக் கூடாது.

எத்தனால் எவ்வளவு என்று பார்க்க வீட்டிலேயே செய்யலாம். 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, மூடியை மெதுவாகத் திறந்து காற்றை விட்டு, பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அடி அடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை; 28-ஐ ஒட்டி ஏறினால் இ20. திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். சோதித்த பெட்ரோலை மறுபடி டேங்கில் ஊற்றக் கூடாது.

எக்ஸ்பி100-க்கு நியாயமான பயன் இருக்கும் என்று சொன்னது, வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுப் போகும்போது. வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் விட்டுச்செல்லும் வண்டிகளில் பாதி, திரும்பி வரும்போது கார்புரேட்டர் பச்சை பூத்து, டேங்க் துருப்பிடித்துத்தான் நிற்கின்றன. போவதற்கு முன் டேங்கில் இருக்கும் இ20-ஐ ஓட்டித் தீர்த்து, ரிசர்வுக்கு வந்ததும் மூன்று லிட்டர் 100 போட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், அது ஜெட்டுகள்வரை போய்ச் சேரட்டும். பிறகு டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தை வடியுங்கள். இரும்பு டேங்கில் காலி இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு ஈரமும் துருவும் குறைவு. ஆறு மாதத்துக்கு மேல் என்றால் கழுத்துவரை நிரப்புங்கள், அல்லது முழுக்க வடித்துத் துணியால் துடைத்துக் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை உள்ளே சுற்றிவிடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் டேங்கை வறண்டு போக விடாதீர்கள். பெட்ரோல் பம்ப் உள்ளே மூழ்கியிருக்கும்படி வைக்க வேண்டும். அதற்கு நிரப்புவது ஒன்றே வழி, பேட்டரியின் மைனஸ் வயரையும் கழற்றிவிட்டுப் போங்கள்.